நிக்கறவங்களுக்கு வைத்தியமில்ல

பைபிள் இல்லீங்ணா. பல்லடத்துல ஏறுனதுல இருந்து நீங்க இதையே பாத்துட்டு வர்றீங்க, கேக்கறதுக்குச் சங்கட்டப்படறீங்கன்னு தெரியுது. அட்டையில பாம்புக்கு றெக்கை மொளைச்சிருக்குது பாருங்க, பைபிள்ல இதெல்லாம் எங்கீங்க போடப்போறாங்க. இது ஒரு வெளையாட்டோட ரூல் புத்தகமுங்க. தலகாணி கனம் இருக்கும். பூரா இங்கிலீசு. நான் முழுசாப் படிச்சிருக்கேன். எங்க டேபிள்ல முழுசாப் படிச்ச ஆளு நான் ஒருத்தன்தான். அதுதானுங்க பிரச்சனையே.

திண்டுக்கல்லுக்குத்தான் போறேன். நீங்களும் அங்கதானா, நல்லதாப் போச்சு. ஊட்டுக்காரியக் கூட்டியாரப் போறனுங்க. அவ தம்பி ஊட்ல இருக்கறா. தீபாவளி முடிஞ்ச கையோட போனவ, இப்பக் கார்த்திகை பாதி போயிருச்சு. சண்டைன்னு சொல்ல முடியாதுங்க. எனக்குச் சண்டை போடறதுக்குத் தெம்பே இல்ல. மில்லுல ஷிப்டு, ஊட்ல படுக்கையில கெடக்கற அப்பா, இதுல சண்டை எங்க போடறது. ஒரு ரூலுனால வந்தது. புத்தகத்தைத் தொறந்து அந்தப் பக்கத்தைக் காட்டுனா முடிஞ்சிரும். பக்கத்துக்கு அடையாளம் கூட வெச்சிருக்கேன், பழைய பஸ் டிக்கெட்டு.

என்ன வெளையாட்டுன்னு சுருக்கமாச் சொல்லிப்போடறேன். ஒரு டேபிளு, நாலு பேரு. ஒருத்தர் கதை சொல்லுவாரு. மத்த மூணு பேரும் அந்தக் கதைக்குள்ள ஆளுக்கொரு வேசம். உடுப்பெல்லாம் கெடையாதுங்க, வாயிலதான் வேசம். ‘ஒரு குகைக்குள்ள போறீங்க, உள்ள ஒரு பூதம் தூங்குது, என்ன பண்றீங்க’ம்பாரு. நாம சொல்லோணும். வெட்டறேன்னு சொன்னா, வெட்டு விழுந்துதா இல்லையான்னு காய் உருட்டிப் பாக்கோணும். தாயக்கட்டை கணக்காத்தான், ஆனா இருவது மொகம் இருக்கும். காசு வெக்கறது கெடையாது. ஜெயிக்கறது தோக்கறதுன்னும் கெடையாது. அப்பறம் என்ன எழவுக்குடா வெளையாடறேன்னு எங்கப்பா கேட்டாரு, நல்லா இருந்தப்ப.

கதை சொல்றவரு பெனடிக்ட் சாரு. பாலிடெக்னிக்ல மெஷின் டிராயிங் எடுக்கறாரு. சுகந்தி அவருகிட்டப் படிச்சவ. சுகந்திதான் என் ஊட்டுக்காரி. பம்பு கம்பெனியில டிராயிங் செக்‌ஷன்ல இருக்கறா, கைவேலை சுத்தம். நெசத்தைச் சொல்லோணும்னா மொதல்ல அவளைத்தான் சார் கூப்பிட்டாரு. ஞாயித்துக்கெழமை மத்தியானம் ஒருத்தி தனியாப் போயி ஆம்பளைங்களோட காய் உருட்டறதுன்னா ஒரு மாதிரி இருக்குமில்லீங்களா, அதனால நானும் போனேன். போன எடத்துல எனக்குப் புடிச்சுப் போச்சு. புத்தகத்தை வாங்கிட்டு வந்து படிச்சேன். மூணாவது வாரத்துல சாருக்கே தெரியாத ரூல எல்லாம் நான் எடுத்துக் குடுத்தேன். நாலாவது ஆளு இர்ஷாத்து, செல்போன் கடை வெச்சிருக்கான், சிரிப்புக்காரன்.

வெளிநாட்டுப் பேரு வாயில நுழையலீன்னு சாரு எல்லாருக்கும் தமிழ்ப் பேரு வெச்சுட்டாரு. இர்ஷாத்து திருடன், அவம்பேரு நெழலன். சுகந்தி வாள்காரி. பேரு எயினி. முன்னாடி நின்னு அடி வாங்கறது அவதான். நான் வைத்தியன், பேரு மருதன். வைத்தியன் வேசத்தை யாரும் எடுக்க மாட்டாங்கங்ணா. எல்லாருக்கும் வாளு வேணும், நெருப்பு கக்கோணும். பின்னாடி நின்னு அடுத்தவனைத் தொட்டு எழுப்பற வேலை யாருக்கு வேணும். நான் எடுத்துக்கிட்டேன். அடுத்தவங்களுக்கு ஒண்ணுன்னா ஓடறது எனக்குச் சின்னதுல இருந்தே பழக்கம். மூணு வருசம் வெளையாடியிருக்கறோம். என் கையில ஒருத்தர் கூடச் செத்ததில்லீங்க. வேற டேபிள்ல போய் விசாரிச்சுப் பாருங்க, மாசத்துக்கு ஒண்ணு சாகும்.

இன்னொண்ணு சொல்லோணும். டேபிள்ல உக்காந்துட்டா ஊட்டுப் பேரு, மருவாதி எல்லாம் கெடையாது. எயினி மருதனைக் கூப்பிடறப்ப ‘நீ’ன்னுதான் கூப்பிடோணும், அது சாரு போட்ட சட்டம். சுகந்தி மொத நாளு பட்ட பாடு இருக்குதே. ‘மருதா, நீங்க...’ன்னு ஆரம்பிச்சு நாக்கைக் கடிச்சுக்குவா. கல்யாணமாகிப் பதினோரு வருசமா ‘ஏனுங்க’ன்னு கூப்பிட்டவ. அப்பறம் பழகிருச்சு. ‘டேய் வைத்தியா, இங்க வா’ம்பா. வாரத்துல அந்த ஒரு மத்தியானம் என்னை நீ, வா, போன்னு சொல்லுவா. எனக்கு அது புடிக்குமுங்க. சொன்னதில்ல அவகிட்ட.

சரி, ரூலுக்கு வர்றேன். சித்தெ கவனமாக் கேட்டுக்கங்க, இதுதான் முக்கியம். ஒவ்வொருத்தருக்கும் இத்தனை உயிருன்னு ஒரு எண்ணிக்கை இருக்கும். எயினிக்கு முப்பது. அடி விழ விழக் கொறையும். சுழியத்துக்கு வந்தா ஆளு விழுந்துருவா. சாகலீங்க, மயங்கிக் கெடப்பா. அப்பறம் அவ முறை வர்றப்பெல்லாம் காய் உருட்டோணும், மூணு தடவை கெட்டது விழுந்தாத்தான் போய்ச் சேருவா. அதுக்குள்ள நான் போய்த் தொட்டேன்னா எந்திரிச்சுக்குவா. என் கைக்கு ஒரு நாளைக்கு நாலு தடவைதான் பலம். எந்திரிச்சவ எப்படி இருப்பான்னா, பழையபடி. அதே வாளு, அதே கை, அதே வீச்சு. விழுந்ததுக்கு ஒரு அடையாளமும் இருக்காது. புத்தகம் அப்படித்தான் சொல்லுது.

இப்ப, எயினிக்கு ரெண்டு உயிர் பாக்கின்னு வெச்சுக்கங்க. பூதத்தோட அடி பத்து. நான் பாவம்னு முன்னாடியே போய்த் தொட்டு ஒரு அஞ்சு குடுக்கறேன், ஏழாகுது. அடி பத்து. அப்பவும் விழுவா. நான் குடுத்த அஞ்சும் தண்டம். குடுக்காம உட்டா? ரெண்டோட விழுவா. எப்பேர்ப்பட்ட அடியானாலும் சுழியத்துக்குக் கீழ எறங்கறதில்ல. விழுந்தப்பறம் தொட்டேன்னா அஞ்சும் முழுசா அவளுக்குச் சேருது. புரியுதுங்களா? நிக்கறவங்களுக்கு வைத்தியம் பாக்கறது வீண். விழட்டும்னு காத்திருந்து தொடறதுதான் புத்தி. இதை நான் கண்டுபுடிச்சப்ப இர்ஷாத்து எந்திரிச்சு நின்னு கைதட்டுனான்.

மில்லுலயும் இதேதானுங்க. நான் ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்சு. ஓடற மெஷின்ல கை வெக்காதேன்னு சேந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்தாங்க. சத்தம் வருதா, வரட்டும். சூடாகுதா, ஆகட்டும். நின்னுச்சா, ஓடு. நின்ன மெஷினை என்னாட்டம் சீக்கரம் ஓட வெக்கறவன் அந்த மில்லுலயே கெடையாது. மொதலாளியே சொல்லியிருக்காரு.

அப்பறமென்ன, அதுதான் எங்க டேபிளோட வழக்கமாப் போச்சு. எயினி விழுவா, நான் தொடுவேன், எந்திரிப்பா. மறுபடி விழுவா, தொடுவேன், எந்திரிப்பா. ஒரு சண்டையில மூணு தடவை விழுந்து எந்திரிச்சா. அன்னிக்குத்தான் பெனடிக்ட் சாரு கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, ‘இது எனக்கு உறுத்துதுங்க’ன்னாரு.

‘என்ன உறுத்துது சார்?’

‘விதி அப்படித்தான் இருக்குது, நான் இல்லைங்கல. ஆனா எழுதுனவன் இப்படி நெனைச்சு எழுதியிருக்க மாட்டான். மூணு தடவை செத்துப் பொழைச்சவ மொதல்ல இருந்த அதே ஆளா எப்படிங்க இருப்பா? ஒண்ணு பண்ணுவோம். ஒவ்வொரு தடவை விழுறப்பவும் ஒரு தழும்பு. முப்பதுல ஒண்ணு கொறையட்டும். அது திரும்பி வராது.’

‘சார், வெளையாட வர்றமா, அழுக வர்றமா?’ன்னான் இர்ஷாத்து.

நான் புத்தகத்தைத் தொறந்து வெச்சுட்டேன். தழும்புன்னு ஒரு வார்த்தை இதுல எங்க இருக்குது, காட்டுங்கன்னேன். இல்லாததைச் சேத்தா நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு சேத்துவாங்க, அப்பறம் புத்தகம் எதுக்குன்னேன். நாயம்தானுங்களே. சுகந்தி அதுவரைக்கும் காயைக் கையில வெச்சு உருட்டிட்டே இருந்தா. ‘சார் சொல்றதுதான் சரி. விழுறது கணக்குல வரோணும்’னா. ஓட்டுப் போட்டோம். ரெண்டுக்கு ரெண்டு ஆயிருச்சு. சமமாப் போனா புத்தகம் சொல்றதுதான் நிக்கும். அதுவும் நான் சொன்ன நாயந்தான். ‘விழுறது நானொருத்தி, ஓட்டுப் போடறது நாலு பேரு’ன்னு சிரிச்சா. சிரிச்சுட்டுத்தானுங்க சொன்னா. கோவமா இருந்திருந்தா எனக்குத் தெரியாதா.

தாராபுரம் தாண்டிருச்சுங்களா? ஜன்னலைச் சித்தெ சாத்திக்கறீங்களா, காத்து ஆகறதில்ல எனக்கு. தூக்கம் சரியில்ல. கொஞ்ச நாளாவே அப்படித்தான்.

எங்கப்பாவுக்கு ஆனி மாசத்துல பக்கவாதம் வந்துச்சுங்க. எடது பக்கம் பூரா போயிருச்சு. பேச்சும் கொளறலு. ஊட்ல வெச்சுத்தான் பாக்கறோம். பாக்கறோம்னா, சுகந்தி பாத்தா. நான் ஷிப்டுக்குப் போறவன், நேரங்காலம் கெடையாது. அவ விடியறதுக்கு மின்ன எந்திரிச்சு அவரைத் தொடைச்சு, துணி மாத்தி, பொரட்டிப் படுக்க வெச்சு, கஞ்சி குடுத்து, அப்பறம் சமைச்சு, பஸ் புடிச்சு வேலைக்குப் போவா. பொழுதோட வந்தா மறுபடி அதே. ஞாயித்துக்கெழமை மத்தியானம் எங்கக்கா வந்து பாத்துக்கும், அதனால வெளையாட்டு மட்டும் நிக்கல. அவளுக்கு வெளிய வர்றதுன்னா அதொண்ணுதான். நான் அதுல கை வெக்கவே இல்ல பாருங்க. போகாதேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல.

ஒரு நாள் கேட்டா. ‘ஏனுங்க, வாரத்துல ரெண்டு நாள் காலையில மாமாவை நீங்க தொடைச்சு உடறீங்களா?’

‘முடியலீன்னா சொல்லு, ஆளு போட்டுக்கலாம்’னேன்.

‘முடியலீன்னுதானுங்க சொல்றேன்.’

‘இப்ப நடந்துட்டுத்தானே இருக்குது.’

நடந்துட்டுத்தானுங்க இருந்துச்சு. பொய் சொல்லலையே நான். கஞ்சி நேரத்துக்குப் போச்சு, துணி காஞ்சுது, அவ வேலைக்குப் போயிட்டு வந்தா. ஓடற மெஷினு. அதுக்கப்பறமும் ரெண்டு மூணு தடவை கேட்டான்னு நெனைக்கறேன். நானும் அதே பதிலத்தான் சொன்னேன், மாத்திப் பேசல.

ஆயுத பூஜைக்கு மின்ன ஒரு நாள் பஸ் ஸ்டாப்புல விழுந்துட்டா. பூக்காரம்மா தண்ணி தெளிச்சு, செல்லுல என் நெம்பரைத் தேடிக் கூப்பிட்டுச்சு. அட சாமி, நான் ஓடுன ஓட்டம் இருக்குதே. ஷிப்டை உட்டுட்டு, கையில கிரீஸோட ஓடுனேன். ஆஸ்பத்திரியில சேத்து, குளுக்கோஸ் ஏத்தி, ரெண்டு நாளும் பக்கத்தை உட்டு நகரலீங்க. சாத்துக்குடி உரிச்சு, கொட்டை எடுத்து, ஒவ்வொரு சொளையாக் குடுத்தேன். தலை சீவி உட்டேன், எனக்குச் சடை பின்ன வராது, இருந்தாலும் பின்னுனேன். நர்சம்மா அவகிட்ட, ‘இந்த மாதிரி மனுசன் கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணுங்க்கா’ன்னு சொல்லிட்டுப் போச்சு. சுகந்தி செவுத்தைப் பாத்துட்டுப் படுத்திருந்தா. ட்ரிப்ஸ் ஏறுறப்ப ஒரு மாதிரி அசதியா இருக்குமாட்டங்குது. மூணாம் நாளு ஊட்டுக்கு வந்தா. வந்ததும் எங்கப்பாவுக்குத் துணி மாத்துனா. பழையபடி ஆயிட்டா, எனக்கும் நிம்மதியாச்சு, ஷிப்டுக்குப் போயிட்டேன்.

அந்தக் கடைசி ஞாயித்துக்கெழமைக்கு வர்றேன். தீபாவளிக்கு மொத வாரம். கதையில ஒரு கோட்டை. உள்ள ஊருசனம் பூரா ஒளிஞ்சிருக்குது. வாசல் ஒண்ணே ஒண்ணு, அதுல எயினி நிக்கறா. வெளிய பூதப்படை. அவ வாசலை உட்டா ஊரு போச்சு. பெனடிக்ட் சாரு நல்லாத்தான் சொன்னாரு, எனக்கே புல்லரிச்சுது.

எங்க டேபிள்ல ஒரு வழக்கமிருக்குதுங்க. ஒவ்வொரு சுத்துக்கும் மின்ன சாரு கேப்பாரு, ‘எல்லாரும் எப்படி இருக்கீங்க?’ன்னு. உயிர் எத்தனை பாக்கின்னு எண்ணிக்கையாச் சொல்லக் கூடாது. சண்டை நடுவுல நிக்கறவன் எண்ணிட்டா இருப்பான்? வாயால, அவனுக்கு எப்படி இருக்குதோ அப்படிச் சொல்லோணும். இர்ஷாத்து ஒரு கீறல் பட்டாலே ‘அய்யோ போச்சு, எம்புள்ளைகளைப் பாத்துக்கங்க’ம்பான். சுகந்தி எப்பக் கேட்டாலும் ‘நல்லா இருக்கேன்’னுதான் சொல்லுவா. எயினி நல்லா இருக்கேன்னு சொன்னா ரெண்டோ மூணோதான் மிச்சம்னு எங்க டேபிளுக்கே தெரியும். இர்ஷாத்து உடனே எம்பக்கம் திரும்பி, ‘மருதா, ரெடியாகு’ம்பான். ஒரு தடவை கூட அது தப்புனதில்ல.

அன்னிக்கு சாரு கேட்டாரு. அவ நல்லா இருக்கேன்னு சொல்லல. எம்மொகத்தைப் பாத்து, ‘மருதா, கொஞ்சம் குடு’ன்னா.

‘நின்னுட்டுத்தானே இருக்கே’ன்னேன்.

‘குடு மருதா. ஒரு தடவை.’

‘தண்டம் எயினி. நீ விழு, நான் தூக்கறேன்.’

‘என்னைத் தூக்க வேண்டாம். நிக்கறப்பக் குடு.’

இர்ஷாத்து சிரிக்கல. பெனடிக்ட் சாரு, ‘குடுத்துருங்களேன், விதியில தடையொண்ணும் இல்லையே’ன்னாரு. ‘தடையில்லீங்க சார், பிரயோசனமில்ல’ன்னேன். அன்னிக்கு என் கையில நாலு தடவையும் அப்படியே இருந்துச்சு. ஒண்ணு கூடத் தொடல. அதை வீணாக்கக் கூடாதுன்னுதானே பாத்தேன், வேறென்ன.

பூதம் அடிச்சுது. எயினி விழுந்தா. நான் அந்த நிமிசத்துக்குத்தான் காத்துட்டிருந்தேன், சாரு வாய் மூடறதுக்குள்ள கையை நீட்டிட்டேன். ‘மருதன் ஓடிப்போய்த் தொடறான்.’

‘வேண்டாங்க’ன்னா.

ஆட்டத்துக்குள்ள ‘ங்க’ வரக் கூடாதுங்க, அது ஒரு தப்பு. மயங்கிக் கெடக்கறவ பேசவே கூடாது, அது ரெண்டாவது தப்பு. ரெண்டையும் எடுத்துச் சொன்னேன். அவ காயை எடுத்து உருட்டுனா. உருட்டிக் கையால மூடிக்கிட்டா. எடுத்து மறுபடி உருட்டுனா, மூடுனா. மூணாவதும் அப்படியே. என்ன விழுந்துதுன்னு ஒருத்தரும் பாக்கல. ‘செத்துட்டேன் சார்’னா. பெனடிக்ட் சாரு கையை எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கோணுமில்லீங்களா? சொல்லல. தலையை ஆட்டிட்டு, ‘சரிம்மா’ன்னாரு. அவ்வளவுதான்.

டேபிள் மேல நிக்க வெக்கற ஆளு பொம்மைங்க எல்லாம் நான் செஞ்சது. மில்லுல கழிச்சுப் போட்ட போல்ட்டு, நட்டு, வாசர். எயினிக்கு மட்டும் வாளு சன்னமா வரோணும்னு ரெண்டு நாள் அரம் போட்டேன். அதை எடுத்துக் கைப்பையில போட்டுட்டு எந்திரிச்சுட்டா. பஸ்ஸுல வர்றப்ப நான் புத்தகத்தைத் தொறந்து காட்டிட்டே வந்தேன். இதோ, இந்தப் பக்கந்தான். விருப்பமில்லாத ஆளுக்கு வைத்தியம் பலிக்காது, வாஸ்தவம். ஆனா மயங்கிக் கெடக்கறவங்களை விருப்பமுள்ளவங்களாத்தான் எடுத்துக்கோணும். தெளிவா இருக்குது. அப்ப நான் தொட்டது பலிச்சுது. அப்ப எயினி சாகல. காய் உருட்டுனதே செல்லாது. கேட்டுட்டே வந்தா. சிங்காநல்லூர் வந்தப்ப, ‘நீங்க சொல்றது சரிதானுங்க’ன்னா. ஒத்துக்கிட்டான்னு நெனைச்சேன்.

தீபாவளிக்குப் பலகாரம் சுட்டா. எங்கப்பாவுக்கு முறுக்கை ஊற வெச்சு ஊட்டி உட்டா. மறுநாள் காலையில ஒரு பெட்டியோட நிக்கறா. ‘தம்பி ஊட்டுக்குப் போறனுங்க.’ எப்ப வருவேன்னு கேட்டேன். ‘தெரியலீங்க’ன்னா. அழுகலீங்க. சத்தம் போடல. நல்லாத்தான் நின்னுட்டிருந்தா. நான் ஆட்டோ புடிச்சுக் குடுத்தேன்.

அன்னிக்குப் பொழுதுக்குள்ள எங்கப்பாவுக்கு ஆளு போட்டுட்டேன் தெரியுங்களா. ஒரே போனு. காலையில ஒருத்தரு, ராத்திரிக்கு ஒருத்தரு, தொடைக்கறது பொரட்டறது எல்லாம் அவங்களே. இத்தனை சுளுவா இருக்கும்னு எனக்கே தெரியல. மச்சினனுக்குப் போன் பண்ணி, ‘அக்காகிட்டச் சொல்லு, இங்க எல்லாம் சரி பண்ணிட்டேன்’னேன். அவன், ‘சொல்றேன் மாமா’ன்னான். குரலு நல்லால்ல. அவனும் ஒரு கடை வெச்சிருக்கறான், அதுல என்னமோ தொந்தரவாட்டங்குது.

ஞாயித்துக்கெழமைல டேபிள்ல போயி உக்காந்து பாத்தேன். எயினி இல்லாம யாரு முன்னாடி நிக்கறது. இர்ஷாத்து ரெண்டு வாரம் வந்தான், அப்பறம் கடையில வேலைன்னுட்டான். பெனடிக்ட் சாரு டீ போட்டுக் குடுத்தாரு. ‘புத்தகத்தை மூடி வெச்சுட்டு ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வாங்களேன்’னாரு. அதுக்குத்தான் போறேன். மூடி வெக்கச் சொன்னாரு, நான் எடுத்துட்டு வந்துட்டேன். கையில ஆதாரமில்லாம என்னத்தைப் பேசறது. எயினி சாகலைன்னு அவளுக்குப் புரிஞ்சுட்டாப் போதுமுங்க. பொம்மையைத் திருப்பி டேபிள்ல வெச்சுட்டான்னா எல்லாம் பழையபடி ஆயிரும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். ஊடு ஒரே அமைதியாக் கெடக்குது. வர்ற ஆளுங்க நல்லவங்கதான், ஆனா எங்கப்பா கதவையே பாத்துட்டிருக்காரு. ‘சுந்தி, சுந்தி’ங்கறாரு. நானும் சித்த நேரம் பாப்பேன், அப்பறம் போய்ப் படுத்துக்குவேன்.

ஒட்டன்சத்திரம் வந்துருச்சுங்களா. பத்து நிமிசம் போடுவான். எறங்கி ஒரு டீ குடிக்கலாம் வாங்க, நான் வாங்கறேன். சித்தெ இருங்க, போன் அடிக்குது. மெசேஜி. அவதான்.

காலையில கெளம்பறப்பப் போட்டேனுங்க, வந்துட்டிருக்கேன், நீ எப்படி இருக்கேன்னு. இப்பத்தான் பதில் போட்டிருக்கறா. படிக்கறேன் கேளுங்க. ‘நல்லா இருக்கேன். வர வேண்டாம்.’

அவ்வளவுதான். வேறெதும் இல்ல.

நல்லா இருக்கறாளாமாங்க.

எனக்கு இப்பத்தான் மூச்சு வருது. நான் என்னென்னமோ நெனைச்சுப் பயந்துட்டேன், எளைச்சிருப்பாளோ, அழுதுட்டிருப்பாளோன்னு. நல்லா இருக்கறவளைப் போயி எதுக்குங்க தொந்தரவு பண்ணோணும். இப்பப் போயிப் பேசுனா பேச்சு பூரா வீணாத்தான் போகும். இதுக்குன்னு எடுத்த லீவும் வீணு.

ஏனுங்ணா அப்படிப் பாக்கறீங்க. என்ன சொல்றீங்க? எயினி நல்லா இருக்கேன்னா ரெண்டுதான் மிச்சம்னு நானேதான் சொன்னேன், ஆமாங்க. இல்லைங்கல. அது ஆட்டத்துலீங்க. ஆட்டம் வேற, ஊடு வேற. அவ ஆட்டத்துலதான் அப்படி. ஊட்ல... ஊட்லயும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவா. பஸ் ஸ்டாப்புல விழுந்த அன்னிக்குக் காலையில கூட அதைத்தான் சொன்னா. ஆனா அது வேறீங்க. போட்டுக் கொழப்பாதீங்க, எனக்கு ஏற்கெனவே தலை வலிக்குது.

இங்கிருந்து திண்டுக்கல் பக்கந்தானுங்க, தெரியும். பக்கமா இருக்கறது நல்லதுதானே. ஒண்ணுன்னா கூப்பிடுவா, இல்லாட்டி மச்சினன் கூப்பிடுவான், நான் ஓடி வந்துருவேன். ஷிப்டு இருந்தாலும் சரி, மழையா இருந்தாலும் சரி. அதுல எல்லாம் நான் ஒரு நாளும் தாமசம் பண்ணுனதில்ல. என் கையில நாலும் அப்படியே இருக்குதுங்க.

அந்தப் பையைச் சித்தெ எடுத்துக் குடுங்க. அக்கட்ட நிக்கறது கோயமுத்தூர் வண்டிதானுங்களே. கெளம்பறதுக்குள்ள ஏறிக்கறேன். நீங்க பாத்துப் போங்க. புத்தகம்... நானே எடுத்துக்கறேன், கனமா இருக்கும்.

என் கையில இதுவரைக்கும் ஒருத்தர் கூடச் செத்ததில்லீங்ணா.